புயலைக் குளிரவைத்தவள்

வங்கக்கடலில் மிதந்த நானூறு குளிர்த்தூண்களும் பொறியாளர் இன்பவல்லியின் ஆணைக்காகக் காத்திருந்தன. ஆழத்துச் சில்லென்ற நீரை உறிஞ்சி மேலே கொட்டும் ராட்சதக் குழாய்கள் அவை. சித்திரை வெயிலில் கடல் சூடேறிக் கிடந்தது. அந்தச் சூட்டில் காற்று மேலே கிளம்ப, கீழே அழுத்தம் சரிந்தது. அந்தப் பள்ளத்தை நிரப்ப எல்லாத் திசையிலிருந்தும் காற்று சுழன்றடித்து ஓடிவர, புயல் நாகப்பட்டினத்தை நோக்கி நகர்ந்தது.

“எல்லாத் தூணையும் ஓட விடுங்க. புயலே இருக்கக் கூடாது,” என்றார் நாகை புயல் கட்டுப்பாட்டு நிலையத்தின் இயக்குநர் ராஜரத்தினம்.

“வேணாம் சார்,” என்றாள் இன்பவல்லி. “அடியோட அணைச்சா மழையும் போயிடும். குடிக்கத் தண்ணியில்ல, குளமெல்லாம் காஞ்சு கெடக்கு. பாதித் தூண் போதும். காத்து அடங்கட்டும், மழை வரட்டும்.”

“தப்பாப் போனா?”

“நாமளும் இங்கதானே சார் இருக்கோம்.”

ராஜரத்தினம் மெல்லத் தலையசைத்தார்.

இன்பவல்லி பாதித் தூண்களைப் புயலின் பாதைக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தி முடுக்கினாள். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. காற்று இன்னும் சீறியது. நிலையத்தின் கூரைத் தகடு ஒன்று பிய்த்துக்கொண்டு பறந்தது. ஆனாலும் மீதித் தூண்களை அவள் தொடவில்லை.

புயல் குளிர்ந்த நீரின் மேல் ஏறியது. தீனி கிடைக்காத சுழல் தள்ளாடியது. திரையில் புயல் மையத்தின் அழுத்தம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறத் தொடங்கியது.

“அடங்குதும்மா!” ராஜரத்தினம் குழந்தைபோலக் கத்தினார்.

கரையைத் தொட்டபோது அது வெறும் மழை. கொட்டித் தீர்த்தது. ஒரு படகுகூடக் கவிழவில்லை. ஜனங்கள் நனைந்தபடியே நிலையத்தின் வாசலில் திரண்டு, கைதட்டி அவள் பெயரைக் கூவினார்கள். இன்பவல்லிக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

அப்போது வேதாரண்யத்திலிருந்து அவள் அண்ணன் குணசீலன் போனில் அழைத்தான். அவனுக்கு உப்பளத்தில்தான் பிழைப்பு.

“உசுரோட இருக்கோம் பாப்பா, நீ நல்லாயிருக்கணும். ஆனா உப்பெல்லாம் கரைஞ்சு போச்சு.”

“அண்ணே…”

“எப்பவும் வானத்தத் திட்டிட்டு மறுபடி வேலையப் பாப்பேன். இந்த மழைய நீதான் விட்டேன்னு டிவியில சொல்றாங்க. இப்ப நான் யாரத் திட்டுறது, சொல்லு?”

அவள் போனைக் காதிலிருந்து எடுக்காமலே எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினாள். வெளியே கைதட்டல் இன்னும் ஓயவில்லை.