மழை காணாத மண்

"அந்தத் தட்டில இருந்த மண்ணையா வாப்பா எடுத்தீங்க?"

"ஓம் புள்ள. கையில தையல், தண்ணி பட ஏலாதெண்டு டொக்டர் சொன்னவர்தானே. அஸர் தொழ, தண்ணிக்குப் பதிலா மண் தடவித் தயம்மும் செய்யச் சுத்தமான மண் வேணும். உலகத்திலேயே சுத்தமான மண் இதுதானெண்டு நீதானே சொன்ன?"

நிப்லா சொல்லியிருந்தாள். அடுத்த மாதம் அவள் ஆய்வுக்குப் போகவிருந்த தென்துருவப் பள்ளத்தாக்கில் மழை பெய்ததை எவரும் கண்டதில்லை. கையுறை போட்டு, கரண்டியை ஸ்பிரிட்டால் துடைத்து, மாதிரி அள்ளிப் பழகுவதற்காக அங்கிருந்து அனுப்பப்பட்ட சாம்பல் நிற மண் அது. அதற்குள் கண்ணுக்குத் தெரியாத புழுக்கள் வற்றிச் சுருண்டு ஆண்டுக்கணக்காக உறங்குகின்றன, ஈரம் பட்டால் எழும்பும். அதை மட்டும் அவள் சொல்லவில்லை. சொன்னால் நூறு கேள்வி கேட்பார்.

"முகத்திலயும் தடவினீங்களா?"

"முகத்திலயும் கையிலயும். வேற எங்க தடவுற?" வாப்பா றுவைஸ் சிரித்தார். "இஞ்ச பார், புண் எப்பிடிக் காஞ்சிருக்கு. உன்ட ஐஸ் நாட்டு மண் மருந்துதான். வரக்குள்ள ஒரு மூட்டை கொண்டு வா."

புண் காய்ந்துதான் இருந்தது. காலையில் கசிந்துகொண்டிருந்த தையலின் ஓரங்கள் கடதாசிபோல் மேலே சுருண்டிருந்தன.

ஓர்ஸ் ஹில் மேட்டில் அவர்களுடைய வீட்டுக்குள் துறைமுகக் காற்று எப்போதும் உப்பையும் டீசல் மணத்தையும் சுமந்துவந்து, கதவுகளை ஊதவைத்து, தலையணைகளில் பூஞ்சணம் பிடிக்கவைத்து, துவைத்த சாரங்களைக் காயவிடாமல் வைத்திருக்கும். இன்று மாரி மழை ஓட்டில் விழுந்துகொண்டிருக்கையிலேயே கதவுகள் சுருங்கி நிலையில் ஆடின, கொடியில் கிடந்த சாரம் மடித்தால் முறியும்போல் விறைத்திருந்தது, வீடெங்கும் உடைத்த கல்லின் மணம்.

வாப்பா தண்ணீர் கேட்டார். ஒரு போத்தல் முழுவதும் குடித்தார். இன்னொன்றும். விழுங்கும் சத்தம் நின்ற பிறகும் மணல் வழிவதுபோல் மெல்லிய சத்தமொன்று அவருடைய கழுத்துக்குள் தொடர்ந்தது.

"ஆஸ்பத்திரிக்குப் போவம் வாப்பா. எழும்புங்க."

"இந்த மழைக்குள்ளயா? தாகம்தானே புள்ள."

உதட்டை நனைக்க நாக்கை நீட்டினார். நாக்கு சாம்பல் நிறமாயிருந்தது.

தூக்குவதற்காகக் கையைப் பிடித்தாள். பாரமேயில்லை. தோல் அவள் விரல்களோடு வந்தது. இரத்தம் வரவில்லை.

குசினிக்கு ஓடினாள். குழாயில் தண்ணீர் வந்தது. கோப்பை நிறைந்தது. அறை வாசலைத் தாண்டுவதற்குள் இலேசாகிவிட்டது. அடியில் தூசி. மறுபடியும். தூசி. முற்றத்து மழையில் நீட்டிப் பிடித்தாள். உள்ளே கொண்டுவந்தாள்.

தூசி.

கதிரையில் வாப்பாவின் சாரம். சேர்ட். அதற்கு மேலே முகம். கண்கள் இருந்த இடத்தில் இரண்டு குழிகள். குழிகளில் மண். மண் அசைந்தது.

அவள் அழுதாள்.

அவருடைய வாய் திறக்கவில்லை. ஆனாலும் குரல் வந்தது. வாப்பாவின் குரல்தான், அதே அன்பு. முகத்திலிருந்தும், கைகளிலிருந்தும், மடியில் கொட்டிக்கிடந்த பொடியிலிருந்தும், எண்ணமுடியாத சிறிய வாய்களால்.

"அழுறியா புள்ள? கீழ விட்டுடாத. கிட்ட வந்து, எங்களுக்குக் கொஞ்சம் தா."