செய்த பிறகே எழுதவும்

திங்கட்கிழமை மாலை அவள் வீடு திரும்பியபோது குழந்தைகள் இருவருக்கும் நகம் வெட்டப்பட்டிருந்தது. அந்த வேலை தாளில் இல்லை.

தாள் அவளுடைய ஏற்பாடு. இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஏழு வருடமாக வேலை. அங்கே ஒருவர் போய் அடுத்தவர் வரும்போது எல்லாவற்றையும் தாளில்தான் ஒப்படைப்பார்கள். அந்தப் பழக்கத்தில் ஃபிரிட்ஜ் கதவிலும் ஒரு தாளை ஒட்டியிருந்தாள். இடப்பக்கம் வேலைகள்: பால், துணி மடிப்பது, பாத்திரம், வீட்டுப்பாடம். வலப்பக்கம் நேரமும் ஒரு டிக்கும். மேலே சிவப்பு மையில்: செய்த பிறகே எழுதவும்.

பகுதிநேரத்துக்கு ஆள் தேடி இரண்டு மாதம் அலைந்திருந்தாள். கடைசியில் வரவேற்பு மேசைத் தோழிதான் ஒரு பெண்ணை அனுப்பினாள். “மாப்பிள்ளைகூட கிடைச்சிடுவான்டி, மூணு மணிநேர வேலைக்கு ஆளுதான் குதிரைக்கொம்பு. இவளைக் கோவிச்சுக்கிட்டு விரட்டிடாதே.”

ஞாயிறன்று அந்தப் பெண் பரிசோதனைக் கூடத்துக்கே வந்து பேசிவிட்டுப் போனாள். திங்கள் முதல் மூன்று மணிக்கு வந்து ஆறு மணிக்குக் கிளம்புவதாக ஏற்பாடு. சாவி வாசலிலுள்ள பழைய ஷூவுக்குள் இருக்கும். அவள் வீடு வர ஆறேகால் ஆகும் என்பதால் அந்தப் பெண்ணும் அவளும் அங்கே சந்தித்துக்கொள்ளவே வழியில்லை. கணவனுக்கு வெளியூரில் வேலை. இந்த ஆளும் நின்றுவிட்டால் அவள் வேலையை விட வேண்டியதுதான்.

அதனால் நகத்தை நல்லதாகவே எடுத்துக்கொண்டாள். பாத்திரங்கள் பளபளத்தன. துணிகள் அளவெடுத்ததுபோல ஒரே அகலத்தில் மடிந்திருந்தன. ஆனால் ஜன்னல்களெல்லாம் சாத்திக் கிடந்த வீட்டு ஹாலில், சோப்பு மணத்துக்கும் ஈரத்துணி மணத்துக்கும் அடியில், கொம்பைத் தீயில் காட்டியது போன்ற ஒரு மெல்லிய வாடை தங்கியிருந்தது. எங்கிருந்து வருகிறது என்று அடுப்படி வரை மோப்பம் பிடித்தும் அவளுக்குப் பிடிபடவில்லை.

புதன்கிழமை சின்னவன் கைகளை அக்குளுக்குள் ஒளித்துக்கொண்டான். விரித்துப் பார்த்தாள். நகங்கள் மேலும் குட்டையாகியிருந்தன. ஓரத்தில் இளஞ்சிவப்புச் சதை.

“யாருடா இப்படி வெட்டினது?”

சின்னவன் அக்காவைப் பார்த்தான். பெரியவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

அந்தப் பெண்ணை அழைத்தாள். போன் அணைந்திருந்தது. தாளில் எழுதினாள்: நகம் வெட்ட வேண்டாம்.

வியாழன் மாலை ஐந்தரைக்கு வரவேற்புத் தோழி உள்ளே எட்டிப் பார்த்தாள். “உன்னைப் பார்க்க ஆள் வந்திருக்கு.”

பெஞ்சில் அந்தப் பெண். காலில் முழங்கால்வரை கட்டு.

“மன்னிச்சுக்குங்கக்கா. திங்கக்கிழமை உங்க வீட்டுக்கு வரத்தான் கிளம்பினேன். பஸ் படியில விழுந்துட்டேன். போனும் நொறுங்கிப்போச்சு. இன்னிக்குத்தான் ஆஸ்பத்திரியிலேர்ந்து விட்டாங்க. ஒரு நாள்கூட வர முடியல. வேற ஆள் வச்சிருப்பீங்கல்ல?”

கையிலிருந்த சோதனைக்குழாய் எப்போது விழுந்ததென்று அவளுக்குத் தெரியாது.

வீட்டிலிருந்த பழைய போனுக்கு அழைத்தாள். ஒன்பதாவது மணியில் பெரியவள் எடுத்தாள்.

“கண்ணு, தம்பியைக் கூட்டிக்கிட்டு உடனே கீழ்வீட்டு மாமிகிட்ட போ.”

“முடியாதும்மா.” கிசுகிசுப்பு. “தம்பிக்கு இன்னும் ஒரு விரல் பாக்கி. நான் பேசினா முதல்லேர்ந்து ஆரம்பிப்பாங்க.”

டக்.

மறுமுனையில் அந்தச் சத்தம். சின்னது. சுத்தமானது. இணைப்பு அறுந்தது.

கீழ்வீட்டு மாமியை அழைத்தபடியே ஓடினாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கிடைத்த ஆட்டோ சிக்னலில் நின்றது. இறங்கி ஓடினாள். கீழ்வீட்டில் பூட்டு. படிகள். இருட்டத் தொடங்கிய வராந்தா. பழைய ஷூ. அதற்குள் சாவி. நான்கு நாளும் யாரும் எடுக்காததுபோல, சாவியின் மேல் சிலந்தி நூல்.

தன் சாவியால் திறந்தாள். கதவை அகலத் திறந்தபடியே விட்டாள்.

அந்த வாடை. மூக்கை அடைத்தது.

குழந்தைகள் சோபாவில் இருந்தார்கள். உயிரோடு. முதுகு நிமிர்த்தி, பக்கத்தில் பக்கத்தில். நான்கு கைகளிலும் துண்டு சுற்றியிருந்தது. அளவெடுத்த மடிப்பு. ஒரே அகலம். வெள்ளைத் துண்டுகள். நுனிகள் மட்டும் வெள்ளையாக இல்லை.

“வாங்க. போயிடலாம். எழுந்திருங்க.”

அசையவில்லை. அழவில்லை. இருவரும் அவளைப் பார்க்கவும் இல்லை. அவள் தோளுக்கு மேலே பார்த்தார்கள்.

அவளால் திரும்ப முடியவில்லை. எதிரே ஃபிரிட்ஜ். தாள்.

பால். டிக். துணி. டிக். பாத்திரம். டிக். வீட்டுப்பாடம். டிக். ‘நகம் வெட்ட வேண்டாம்’ என்ற வரிமேல் ஒரு நேர்க்கோடு.

அதன் கீழே, மை இன்னும் காயாத இரண்டு வரிகள்.

அம்மா வந்ததும் கதவைச் சாத்துவது.

அம்மாவுக்கு நகம்.

வலப்பக்கம் இரண்டுக்கும் வெறுமை.

முதுகுக்குப் பின்னால் கதவு மெல்லச் சாத்திக்கொண்டது. பெரியவள் துண்டு சுற்றிய கையை உதட்டின்மேல் வைத்து, பேசாதே என்று தலையாட்டினாள்.

தாளில், முதல் வரிக்கு நேரே, ஈரமாக ஒரு டிக்.