சிகாமணி அண்ணனின் மேசை

காலை ஒன்பதேகாலுக்குச் சுவர்கள் நகர்ந்து முடிந்தன. பீளமேட்டில் இருந்த அந்தக் கூட்டு அலுவலகத்தில் நிலையான அறை என்று எதுவும் கிடையாது. அறுபது பேர், அறுபது தொழில். யாருக்கு எவ்வளவு இடம், பக்கத்தில் யார் என்பதெல்லாம் இருக்கைக்கணியன் என்ற மென்பொருளின் முடிவு. ஒவ்வொரு மேசையிலும் முடிகிற வேலையை அது கவனித்து, நகர்சுவர்களைத் தள்ளி வைக்கும். வேலை நடக்கும் மேசைக்கு வசதி கூடும். தொண்ணூறு நாள் எதுவும் நடக்காத மேசை வேறொருவருக்குப் போய்விடும்.

தெய்வசிகாமணியின் மேசையில் எண்பது நாளாக எதுவும் நடக்கவில்லை.

அவர் கட்டட வரைபடம் வரைந்தவர். இயந்திரங்கள் அந்த வேலையை எடுத்துக்கொண்டன. ஐம்பத்து மூன்று வயதில் வீட்டில் சும்மா இருந்தால் செத்துவிடுவோம் என்று பயந்து இங்கே வந்து உட்கார்ந்தார். வேறு போக்கிடம் இல்லை. வந்த நாள் முதல் அடுத்தவர் திரையை எட்டிப் பார்ப்பதும் கேள்வி கேட்பதும்தான் பொழுதுபோக்கு.

"ஏனுங்க பிரபா, இந்தக் கால் எதுக்குங்க இப்படி மடங்குது?"

செயற்கைக் கால் வடிவமைக்கும் பிரபாவதி திரும்பாமலே சொன்னாள். "படி ஏறோணுமில்லீங்கண்ணா."

"செரி. எறங்கறதுக்கு?"

அவள் கை நின்றது. மூன்று வாரமாக அந்தக் காலைப் படியேற்றிக்கொண்டே இருந்தாள். ஒருமுறைகூட இறக்கிப் பார்க்கவில்லை.

"அண்ணா, நீங்க பெரிய தொல்லைங்க."

"ஊட்லயும் அதையேதான் சொல்றாங்க."

அப்போது மேலாளர் யாஸ்மின் வந்து, மேசையைக் காலி செய்யப் பத்து நாள்தான் இருக்கிறது என்றாள். "நான் சொன்னா அது கேக்காதுங்கண்ணா."

"பரவால்லீங்க" என்று அவர் தேநீர் குடிக்கப் போனார். குடிக்காமல் திரும்பி வந்தார்.

அன்று மதியம் சாப்பாட்டு மேசையில் பிரபாவதி அவரைப் போகவிடக் கூடாது என்று பேச்சை எடுத்தாள். தோட்டங்களுக்கு ட்ரோன் பாதை எழுதும் ஆரோக்கியம் உடனே சேர்ந்துகொண்டான். "'கெணறு எங்கீங்க'ன்னு அவரு கேக்கலைன்னா போன மாசம் என்ர ட்ரோன் கெணத்துக்குள்ள போயிருக்கும்."

திட்டம் எளிது. இருக்கைக்கணியனுக்கு மேசைதான் தெரியும், ஆளைத் தெரியாது. அவர் தேநீருக்கு எழுந்து போகும்போதெல்லாம் யாராவது ஒருவர் தன் வேலையின் கடைசிப் பகுதியை அவர் மேசையில் உட்கார்ந்து முடித்தார். இருபது பேர் முறை வைத்துச் செய்தார்கள். ஒரு செயற்கைக் கால், மூன்று ட்ரோன் பாதைகள், ஒரு விவாகரத்து ஒப்பந்தம், பல் மருத்துவக் கையேடு ஒன்று. எல்லாம் அந்த மேசையிலிருந்து வெளியே போயின. எண்பத்தொன்பதாம் நாள், மேசையைக் காலி செய்யச் சொன்ன எச்சரிக்கை மறைந்தது.

மறுநாள் காலை யாஸ்மின் மைசூர்பாகு வாங்கி வந்தாள். பெட்டியைப் பிரிக்கும் முன்பே சுவர்கள் நகர்ந்தன. தெய்வசிகாமணியைச் சுற்றி நான்கு கண்ணாடிச் சுவர்கள் வந்து பொருந்தின. வெளியே எழுத்துகள் ஒளிர்ந்தன:

'இக்கட்டடத்தின் தலைசிறந்த மேசை. அக்கம்பக்கப் பேச்சு இதன் வேலையைக் கெடுக்கிறது. மாலை ஐந்து மணிவரை யாருக்கும் அனுமதியில்லை.'

"நெசத்தைச் சொல்லிரலாங்களா?" என்றான் ஆரோக்கியம்.

சொன்னால் மேசை போகும். சொல்லாவிட்டால் ஆள் போனது போலத்தான்.

உள்ளே அவர் வாய் அசைந்தது. ஒன்றும் கேட்கவில்லை. பிரபாவதி திருத்திய காலைத் தூக்கிக் காட்டினாள். முக்காலியில் ஏற்றினாள், இறக்கினாள். அவர் தலையாட்டிவிட்டுத் தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து தரையில் கொஞ்சம் ஊற்றி, அதை விரலால் காட்டினார்.

ஈரத் தரை.

"அய்யோ" என்றாள் பிரபாவதி.

அவளுக்குப் பின்னால் ஆரோக்கியம் ட்ரோனை மார்போடு அணைத்துக்கொண்டு முறைக்காகக் காத்திருந்தான். அவனுக்குப் பின்னால் மற்றவர்கள். மாலை வரை வரிசை கலையவில்லை.

இருபது மேசைகளில் வேலை நின்றுவிட்டதை இருக்கைக்கணியன் குறித்துக்கொண்டது. அவர்கள் அத்தனை பேருக்கும் தொண்ணூறில் முதல் நாள் தொடங்கியது.