கட்டிலடி விளக்கு

"விடிஞ்சு எவ்வளவு நேரமாச்சு... இன்னுமா சோறு வேகுது? வீடு தூக்க வர்ற ஆம்பளைங்களுக்கு வெறும் தண்ணியவா ஊத்துவ?"

பலகைப் பாலத்திலிருந்தே நாத்தனார் வார்சித்தியின் குரல் வந்துவிட்டது. ஆள் பிறகுதான் வந்தாள், குனிந்துகொண்டு. அந்த வீட்டுக்குள் யாரும் குனியாமல் நுழைய முடியாது. கடல் ஏற ஏறத் தரையில் மண் கொட்டி உயர்த்தியதில் கதவு பாதி புதைந்து, ஜன்னல் முழங்கால் உயரத்துக்கு வந்துவிட்டிருந்தது.

"அரிசி கொதிக்குது அண்ணி. கருவாடு வறுத்தாச்சு" என்றாள் ருக்கினா, அடுப்பிலிருந்து திரும்பாமல்.

தான் குடியிருந்த வீட்டைத் தூக்கிப்போக வருகிறவர்களுக்குத் தானே சமைக்கிற கொடுமை எந்தப் பெண்ணுக்கு வாய்க்கும்! ஆனால் அந்த வீட்டில் அடுப்பு மூட்டுகிறவள்தான் தூக்குகிறவர்களுக்குச் சோறு போட வேண்டும். அது ஊர் வழக்கம். வீடு யாருடையது என்பது வேறு பேச்சு.

வீடு குஸ்னானுடையது. அவன் தாத்தா காலத்துத் தேக்கு. ருக்கினாவின் புருஷன் தர்ஜோ இறந்ததும் தூணும் உத்தரமும் ரத்தவழியில் மகனுக்கு. நிலம் இருந்திருந்தால் அதுவும் அவனுக்கே போயிருக்கும். அதைத்தான் கடல் முந்திக்கொண்டு எடுத்துவிட்டதே! வயல் இறால் குட்டையானது, குட்டை கடலானது. தர்ஜோவைப் புதைத்த இடத்தில்கூட இப்போது படகு போகிறது. அக்கம்பக்கத்தார் ஒவ்வொருவராக வீட்டைப் பெயர்த்துக்கொண்டு மேட்டுக்குப் போய்விட்டார்கள். ருக்கினா மட்டும் கொக்குகளுக்கு நடுவே தனியாக இருந்தாள். சில நாள் தன் குரல் எப்படி இருக்கிறதென்று கேட்பதற்காகவே, "யாரது?" என்று வெறும் வாசலைப் பார்த்துக் கூப்பிடுவாள்.

குஸ்னான் அவள் வயிற்றில் பிறந்தவன் இல்லை. அவனைப் பெற்றவள் பெற்ற வாரத்திலேயே கண்ணை மூடிவிட்டாள். ருக்கினா இந்த வீட்டில் காலெடுத்து வைத்தபோது அவன் தத்தித் தத்தி நடந்துகொண்டிருந்தான். ஆசையாகக் கை நீட்டினாள். "எங்க வீட்டுப் பிள்ளைய உன் இடுப்புல ஏத்தாத!" என்று வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள் நாத்தனார் வார்சித்தி. சோறு ஊட்டலாம், துணி துவைக்கலாம், காதில் கிடந்ததைக் கழற்றி மாலுமிப் படிப்புக்கு அனுப்பலாம். தூக்க மட்டும் கூடாது. அவளுக்கென்று ஒரு பிள்ளையும் பிறக்கவில்லை. பிள்ளையைத் தோளில் கட்டித் தூக்கும் தூளித்துணி பெட்டியிலேயே மடிப்புக் கலையாமல் கிடந்தது.

குஸ்னான் உள்ளே வந்தான். அப்பா செத்தபின் அவன் இந்தப் பக்கம் வந்ததே இப்போதுதான்.

"சின்னம்மா, சாயந்திரத்துக்குள்ள உங்க சாமானைக் கட்டி வெச்சிடுங்க. உங்க தங்கச்சி வீட்டுக்கு ஆள் வெச்சு அனுப்பறேன்."

"சரிப்பா... வீட்டை எடுத்துக்கோ. கட்டில் இருக்கிற மூலையை மட்டும் தோண்ட வேணாம். நான் இங்கேயே ஒரு கீத்துக் கொட்டகை போட்டு இருந்துக்கறேன்."

"பாத்தியாடா!" என்று கையைத் தட்டினாள் வார்சித்தி. "சொன்னேன்ல? பணத்த அங்கதான் பொதைச்சு வெச்சிருக்கா!"

ஊரே சொன்ன கதைதான் அது. அந்தி சாய்ந்தால் ருக்கினாவின் கட்டிலுக்கு அடியில் ஒரு சிறு விளக்கு எரியும். படகில் போகிறவர்கள் ஜன்னல்வழியாகப் பார்த்தார்கள். பார்த்தவர்கள் சும்மா இருப்பார்களா? பன்றி வித்தை என்றார்கள். புருஷன் பன்றியாக மாறி ஊரார் சுவரில் உரசிப் பணத்தைக் கவர்வானாம். பெண்டாட்டி வீட்டில் விளக்கு அணையாமல் காப்பாளாம். அணைந்தால் அவன் கதி முடிந்தது. இவ்வளவு பணம் வந்தவளின் கூரை ஏன் ஒழுகுகிறது என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை!

"விளக்கை அணைய விட்டு என் தம்பியக் கொன்னவடி நீ!"

"அல்லா மேல ஆணை அண்ணி... அப்படிச் சொல்லாதீங்க..."

"அப்ப எதுக்கு அந்த விளக்கு? எம்மூஞ்சியப் பாத்துச் சொல்லு!"

ருக்கினா குஸ்னானைப் பார்த்தாள். உதடு அசைந்தது. அவனோ முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

வெளியே ஆட்கள் வந்துவிட்டார்கள். நீர் வடிந்திருந்தது. சுவர்ப் பலகைகளைக் கழற்றி, தூண்களில் மூங்கில் கட்டினார்கள். ஆனால் தூணின் கால்கள் வருஷக்கணக்காகக் கொட்டிய மண்ணுக்குள் புதைந்து கிடந்தன. ஒவ்வொன்றாகத் தோண்டிக்கொண்டு, கம்டி என்ற பெரியவர் வாசலுக்கு வலப்புறத் தூணுக்கு வந்தார். கட்டிலை நகர்த்தினார்கள்.

"அண்ணே, மண்வெட்டி வேணாம்... நான் கையால தோண்டறேன்!" என்று ஓடிப்போய் மண்டியிட்டாள் ருக்கினா. வார்சித்தி அவள் தோளைப் பற்றி இழுத்தாள். இழுக்க இழுக்க அவள் மண்ணைப் பறித்தாள்.

சின்ன மண்பானை ஒன்று தெரிந்தது. மூடி போட்டு, வெள்ளைத்துணி சுற்றி இருந்தது.

கம்டியின் கை மண்வெட்டியை விட்டுவிட்டது. "எல்லாரும் தள்ளி நில்லுங்கப்பா" என்றார் மெல்ல.

வலப்புறம் புதைத்த பானை என்றால் என்னவென்று அங்கே எவருக்கும் சொல்ல வேண்டியதில்லை. ஆண்பிள்ளையின் நஞ்சுக்கொடி. அதைப் பிள்ளையோடு கூடப்பிறந்த தம்பி என்பார்கள். அது இருக்கும் இடத்தில்தான் விளக்கு எரியும். ஆனால் கைக்குழந்தைக்கு, சில நாளைக்கு. இத்தனை வருஷமா?

வார்சித்தி குனிந்தாள். பானையின் கழுத்தில் எருமைக்கொம்பு வலையூசி ஒன்று கட்டியிருந்தது.

"இது... இது எங்கப்பா ஊசி" என்றாள். "குஸ்னான் பொறந்தன்னைக்கு எங்கையால நாந்தான் கட்டினேன்... கடல்ல பொழைக்கட்டும்னு... வாசல் முத்தத்துலதானே புதைச்சான் தர்ஜோ?"

"முத்தத்தைத் தண்ணி அரிக்க ஆரம்பிச்சுது அண்ணி" என்றாள் ருக்கினா, பானையை முந்தானையால் துடைத்தபடி. "அவர் படுக்கையில கெடந்தப்ப, பிள்ளை கடல்ல இருக்கான், இதக் கடல் கொண்டுபோக விட்டுடாதன்னாரு. தோண்டி உள்ள கொண்டாந்தேன். தண்ணி உள்ளயும் வந்துது... மண்ணக் கொட்டிக் கொட்டி மேல ஏத்தினேன். இருட்டுல கெடக்க வேணாமேன்னு விளக்கு வெச்சேன். அவ்வளவுதான்."

"ஏன் சொல்லல? எங்கிட்ட ஏன் சொல்லல?" குஸ்னான் கத்தியேவிட்டான்.

"நடுக்கடல்ல இருக்கிறவன்கிட்ட, உன் மண்ணு கரையுதுன்னு எப்படிப்பா சொல்றது...?"

அவன் அப்படியே சேற்றில் மண்டியிட்டு அவள் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். முதுகு குலுங்கியது. ருக்கினாவின் கை அவன் தலைக்கு மேலே கொஞ்சநேரம் தயங்கி நின்றது. தொடலாமா என்று பழக்கதோஷத்தில் நாத்தனாரைப் பார்த்தாள். அந்தப் பார்வையைத்தான் வார்சித்தியால் தாங்க முடியவில்லை. "தொடுடி... பாவி நான்... தொடு!" என்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

கம்டி தொண்டையைச் செருமினார். "வெயில் ஏறுது. மேட்டுல வாசலுக்கு வலப்பக்கம் குழி எடுக்கச் சொல்றேன். இத யாரு தூக்கறது? அப்பன்தான் தூக்கணும்... தர்ஜோவும் இல்ல."

குஸ்னான் எழுந்தான். பெட்டியைத் திறந்து அந்தத் தூளித்துணியை எடுத்தான். அதை ருக்கினாவின் தோளில் போட்டு முடிச்சிட்டான். முடிச்சுப் போடத் தெரியாமல் இரண்டு தரம் அவிழ்ந்தது.

"நீங்க தூக்குங்க... அம்மா."

"நான் தங்கச்சி வீட்டுக்கு..."

"எங்கயும் போகல நீங்க. வீடு போற எடத்துக்குத்தான் நீங்களும். நான் கப்பலுக்குப் போயிட்டா விளக்கு ஏத்த ஆள் வேணாமா?"

ஒரே குரலில் ஆட்கள் மூச்சுப் பிடித்தார்கள். வீடு தரையைவிட்டு எழுந்தது. நூறு கால்களோடு ஈரப்பாதையில் மெல்ல நகர்ந்தது. பின்னால் ருக்கினா நடந்தாள். வழக்கப்படி அவளுக்கும் பானைக்கும் குடை பிடித்துக்கொண்டு குஸ்னான் வந்தான். ஒரே ஒரு முறை திரும்பிப் பார்த்தாள். அவள் இத்தனை காலம் சுமந்து கொட்டிய மண் சின்ன மேடாகத் தனியே நின்றது. அடுத்த கடல் ஏற்றத்துக்குக் கரைந்துவிடும். கரையட்டும்.

"குடையை இப்படிக் கொஞ்சம் சாய்ப்பா" என்றாள். "வெயில் படுது பாரு."

அவள் தனக்காகவே சொல்கிறாள் என்று நினைத்துச் சாய்த்தான் குஸ்னான். அவள் பானையைத் துணியால் மூடி இடுப்போடு அணைத்துக்கொண்டாள். மேடு வரும்வரை அவள் கை அதைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே இருந்தது.