சண்டை போட்ட நாட்களில் வராத நோய்

"அந்த வீட்டுல நாங்க ரெண்டு பேர் மட்டும் இல்ல" என்றாள் ராஸ்லின், உட்காருவதற்கு முன்பே. "இன்னிக்கும் காரணம் தெரியலன்னா, அவர விட்டுட்டு எங்கம்மா ஊருக்குப் போயிடுவேன்."

எல்வா காவல்துறையிலிருந்து ஓய்வு பெற்றவள். பனி உறைந்த ஃபேர்பேங்ஸ் ஊரில் புரியாத விஷயம் எதுவானாலும் அவளிடம்தான் வரும். அவள் தம்பி வெண்டல் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டான்.

ராஸ்லினுக்குக் கோதுமை ஆகாது. ஒரு துணுக்கு உள்ளே போனாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிடுவாள். வீட்டுக்குள் கோதுமையே நுழைவதில்லை. பாத்திரம் பண்டமெல்லாம் புதிது. ஆனாலும் நோய் வந்துகொண்டே இருந்தது.

"நாங்க சிரிச்சுப் பேசுற நாள்லதான் வருது. சண்டை போட்டு முகத்தத் திருப்பிக்கிட்டா வர்றதில்ல. இங்காவுக்குப் பொறுக்கல."

இங்கா, அவள் கணவன் கார்ட்டின் இறந்துபோன முதல் மனைவி.

"அவரு உள்ள வந்தாலே ஒரு புளிச்ச வாசன கூட வருது. நேத்து ஷெட்டுக்குக் கிளம்புறப்ப, 'அவளுக்குப் பசிக்கும்'னு முணுமுணுத்தாரு. அங்க ஒரு நாய்கூடக் கிடையாதுங்க."

வெண்டல் துள்ளி எழுந்தான். "அக்கா, அந்தாளே விஷம் வைக்கிறான்!"

"வாய மூடிட்டு வண்டிய எடுடா."

கார்ட்டின் வீட்டில் கணப்பு கனன்றது. வெண்டல் வியர்த்தபடி அலமாரி அலமாரியாக மோந்து பார்த்தான். ஒன்றும் அகப்படவில்லை. கார்ட் மட்டும் தடித்த கோட்டைக் கழற்றாமல் நின்றான்.

"சாப்பாட்ட விடுடா" என்றாள் எல்வா. "சண்டை நாள்லயும் அதே சட்டி, அதே சமையல். மாறுறது ஒண்ணுதான். முத்தம்."

ராஸ்லின் கணவனைப் பார்த்தாள்.

"பசிக்கிறது பேய்க்கில்ல, ரொட்டிக்கு உறை ஊத்துற புளிமாவுக்கு" என்றாள் எல்வா. "அதுக்குத் தினம் கோதுமை மாவு போடலன்னா செத்துடும். உறைஞ்சு போனாலும் செத்துடும். அந்தக் காலத்துல இங்க தங்கம் தோண்ட வந்தவங்க அத நெஞ்சோட அணைச்சுக்கிட்டுத்தான் தூங்கினாங்க. ஷெட்டுல மாவு போட்டு, புளிச்சிருக்கான்னு நாக்குல வச்சுப் பாத்துட்டு அதே வாயோட வீட்டுக்குள்ள வர்றீங்க. கோட்டக் கழட்டுங்க, கார்ட்."

உள்ளிருந்து ஒரு புட்டி வந்தது. மாவின் மேல் குமிழிகள் எழுந்து உடைந்தன.

"இங்கா கரைச்சு வச்சது." கார்ட் புட்டியை இரு கையாலும் பிடித்துக்கொண்டான். "ரொட்டி சுடல, சத்தியமா. உயிரோட மட்டும் வச்சிருந்தேன். இன்னொரு தடவ அவள சாகக் குடுக்க முடியல, ராஸ்."

ராஸ்லின் குனிந்து அந்தக் குமிழிகளைப் பார்த்தாள்.

"வெண்டல், உங்க வீட்டுல கோதுமை தின்பீங்கல்ல?" என்றாள் ராஸ்லின்.

"மூணு வேளையும்."

"அப்ப கொண்டு போங்க. பட்டினி போட்டுடாதீங்க." பிறகு கணவனிடம் திரும்பினாள். "போய்யா, மொதல்ல வாயக் கழுவிட்டு வா. நான் எங்கயும் போகல."

திரும்பும்போது எல்வாதான் வண்டியை ஓட்டினாள். வெளியே எல்லாம் உறைந்து கிடந்தது. வெண்டல் வேறு வழியின்றிப் புட்டியைச் சட்டைக்குள் செருகியிருந்தான். பாதி வழியில் அவன் விலாவோரம் ஒரு குமிழி மெல்ல உடைந்தது.

"அக்கா, இது வெதுவெதுன்னு இருக்கு" என்றான், குரலைத் தாழ்த்தி.

எல்வா ஹீட்டரைக் கூட்டி வைத்தாள்.