பாதியில் நிற்காத வைப்பர்

மாலை 4.10. கொட்டுகிற மழையில், கிடங்குச் சாலை வளைவில், சைக்கிளோடு சேர்ந்து நசுங்கிக் கிடந்தான் அவன். மறுநாள் காலை நீதிமன்றத்தில் சாட்சி சொல்ல வேண்டியவன். மர டிப்போ முதலாளி தன் கிடங்குக்குத் தானே தீ வைத்து, உள்ளே தூங்கிய காவலாளியைக் கொன்றதைக் கண்ணால் பார்த்த ஒரே ஆள்.

இடித்ததும், ஜாமீனில் வெளியே இருந்த அதே முதலாளியின் கார்தான். ஓட்டியவரும் அவரே. ஆனால் ஓடி ஒளியவில்லை. தானே போலீசுக்குப் போன் செய்துவிட்டு, நனைந்தபடி காத்திருந்தார். இருபத்தைந்து வருடப் பழைய வண்டி, ஓடிக்கொண்டிருந்த வைப்பர் திடீரென்று பாதியில் நின்றுவிட்டது, எதிரில் ஒன்றுமே தெரியவில்லை என்று அழுதார். வண்டியைச் சோதித்த அதிகாரியும் வைப்பர் ஃபியூஸ் எரிந்திருப்பதாக எழுதிக் கொடுத்தார். விபத்து என்று கோப்பை மூடுவதுதான் பாக்கி.

செத்தவனுக்கு அக்கா ஒருத்தி. ஒர்க்‌ஷாப்பில் கார்களுக்கு வயரிங் வேலை பார்ப்பவள். தம்பியை அடக்கம் செய்த அன்றுகூட அவள் அழவில்லை. அந்த ஆளோ தெருவில் நெஞ்சை நிமிர்த்தி நடந்தார். ஒருநாள் கையில் ஸ்பேனரோடு அவர் வாசல்வரை போய்விட்டாள். ஒரே அடியில் முடித்தால் அவருக்கு அது விடுதலை ஆகிவிடும் என்று தோன்றவே திரும்பி வந்தாள்.

பதினோராம் நாள், காலை 10.30. காவல் நிலையத்துக்குப் போய், சம்பவ இடத்தில் எடுத்த படங்களையாவது காட்டச் சொல்லி இன்ஸ்பெக்டர் அம்மாவை விடாமல் நச்சரித்தாள். தொல்லை பொறுக்காமல் அந்த அம்மா படங்களை எடுத்துப் போட்டார்.

மூன்றாவது படத்தில் அவள் விரல் நின்றது. எடுத்த நேரம் 4.32. இரண்டு வைப்பர்களும் கண்ணாடியின் அடியோரம் ஒட்டிப் படுத்திருந்தன.

அவள் இன்ஸ்பெக்டரின் காதில் ஏதோ சொன்னாள். முதலாளியை அழைத்து வர ஆள் போனது.

11.15.

"வைப்பர் எந்த இடத்துல நின்னுச்சு?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

"சரியா நடுவுல. என் கண்ணுக்கு நேரா."

இன்ஸ்பெக்டர் படத்தை அவர் முன் நகர்த்தினார். முதலாளி அதை ஒரு கணம் பார்த்தார்.

"அப்புறம் இறங்கி, நான்தான் கையால கீழ தள்ளி விட்டேன்."

அக்கா எழுந்தாள். வாசலில் நின்ற போலீஸ் ஜீப்பில் ஏறி வைப்பரை ஓடவிட்டாள். அது நடுக்கண்ணாடிக்கு வந்ததும் ஃபியூஸைப் பிடுங்கினாள். அங்கேயே நின்றது. தள்ளிக் காட்டும்படி முதலாளியிடம் சொன்னார் இன்ஸ்பெக்டர். அவர் ஒரு கையால் தள்ளினார். பிறகு இரண்டு கையாலும். ஜீப்பே லேசாக ஆடியது, வைப்பர் அசையவில்லை.

"மோட்டார் பல்சக்கரம் பிடிச்சுக்கும் மேடம். அவர் கார்லயும் இதே மாதிரிதான். கையால இறக்க முடியாது," என்றாள் அக்கா. "ஓடும்போது ஃபியூஸ் போனா, போன இடத்துலயே நிக்கும். சுவிட்சை அணைச்சாதான் தானா கீழ வந்து படுக்கும். அதுக்கும் நல்ல ஃபியூஸ் வேணும். படுத்தப்புறம் மோட்டாருக்கு வேலையே இல்ல, ஃபியூஸ் எப்படி எரியும்?"

"அப்போ வைப்பர் கடைசிவரைக்கும் ஓடியிருக்கு," என்றார் இன்ஸ்பெக்டர்.

"ஆமா. என் தம்பிய நல்லாப் பாத்துத்தான் ஏத்தியிருக்காரு. அப்புறம் வைப்பரை அணைச்சுட்டு ஃபியூஸை மாத்தியிருக்காரு. எரிஞ்ச ஃபியூஸ் கையோட இருந்துச்சுன்னா, வீட்டை விட்டுக் கிளம்பும்போதே முடிவு பண்ணிட்டாரு. இது கொலை மேடம்."

அன்று வண்டியைச் சோதித்த அதிகாரி எரிந்த ஃபியூஸை மட்டுமே பார்த்திருந்தார். வைப்பர் படுத்திருந்த இடத்தைக் கவனிக்கவில்லை.

காவலர்கள் இருவர் முதலாளியைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனார்கள். வாசற்படியில் அக்கா நின்றிருந்தாள். விலகவில்லை. அவர் தலை குனிந்துகொண்டார்.

"நிமிர்ந்து பாருங்க," என்றாள், குரலை உயர்த்தாமல். "இந்த முகத்த நல்லா ஞாபகம் வச்சுக்குங்க. ரெண்டு கொலைக்கும் சேத்து, ஒவ்வொரு வாய்தாவுக்கும் முதல் வரிசையில நான்தான் உக்காந்திருப்பேன்."

அவர் நிமிரும்வரை அவள் வழி விடவில்லை.