காதோரத்து எண்

ஜோவிட்டாவின் காதோரத்து எண் மூன்றாவது நாளாக இருபத்திரண்டிலேயே நின்றது. தூத்துக்குடித் துறைமுகத்தின் நாலாம் தளம் முழுக்க அது தெரிந்துவிட்டது. கேன்டீன்காரர் கேட்காமலே ஒரு தோசை கூடுதலாக வைத்தார். வாயில் காவலுக்கு நிற்கும் பெண் குரலைத் தாழ்த்தி, "எதையும் போட்டு யோசிக்காதீங்கக்கா" என்றாள். ஜோவிட்டா எதையும் யோசிக்கவில்லை. மத்தியானத்துக்கு ஊளி மீன் குழம்பு கொண்டுவந்திருந்தாள். குழம்பு நன்றாக வந்திருந்தது. அவள் மனத்தில் அதுதான் இருந்தது.

அந்த எண்ணின் பெயர் அகவெண். காதுக்குப் பின்னால் பொத்தான் மாதிரி ஒட்டிக்கொள்ளும் உளமானி, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒளியைச் செலுத்தி, மூளையில் செரோட்டோனின் எவ்வளவு இருக்கிறது என்று அளந்து எண்ணாகக் காட்டும். நூற்றுக்கு ஐம்பதைத் தாண்டினால் ஆள் நலம். முப்பதுக்குக் கீழே போனால் மனச்சோர்வு. பெண் பார்க்க வருகிறவர்கள் அந்த எண்ணைக் கேட்டார்கள், வீடு வாடகைக்கு விடுகிறவர்கள் கேட்டார்கள். "எப்படி இருக்கீங்க?" என்று மட்டும் யாரும் யாரையும் கேட்பதில்லை. காதைப் பார்த்தாலே தெரிகிறபோது வாயை எதற்கு நோகடிப்பது?

கிரேன் ஓட்டுகிறவர்களுக்குத் தனி விதி இருந்தது. ஐந்து நாள் தொடர்ந்து முப்பதுக்குக் கீழே இருந்தால் கட்டாயம் மருந்து எழுதுவார்கள். மருந்து எழுதினால் ஒரு வருஷம் மேலே ஏறக்கூடாது. கேபின் வேறொருவருக்குப் போய்விடும்.

ஜோவிட்டாவுக்கு அந்தக் கேபின்தான் எல்லாம். நாற்பது மீட்டர் உயரம். காலடியில் கண்ணாடித் தளம், அதற்குக் கீழே கப்பலின் வயிறு, இடப்பக்கம் கடல். கப்பலிலிருந்து பெட்டியை எடுத்து லாரியில் வைக்க வேண்டும். எடுக்கிறபோதும் வைக்கிறபோதும் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. அவள் புருஷன் ஆறு வருஷத்துக்கு முன் மஸ்கட் போய் அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டான். அதற்குப் பிறகுதான் அவளுக்குச் சோறு ருசிக்க ஆரம்பித்தது. இந்த முப்பத்தெட்டு வயதில் இருக்கிற மாதிரி அவள் எப்போதும் நன்றாக இருந்ததில்லை. உளமானியோ இருபத்திரண்டு என்றது.

இரண்டு மணி ஷிப்டுக்கு அவளை மாற்றிவிட வருகிறவன் இசக்கிதுரை. அவன் எண் அறுபத்தெட்டு. ஏணியடியில் நின்று, ஏறவேண்டுமே என்று பத்து நிமிடம் ஏணியைப் பார்ப்பான். தாடி மார்புவரை வந்திருந்தது.

"ஏல, சாப்ட்டியா?" என்று ஜோவிட்டா கேட்பாள்.

"எறங்க மாட்டேங்குக்கா."

"அறுபத்தெட்ட வச்சிக்கிட்டு மூஞ்சிய ஏம்ல இப்படி வச்சிருக்க?"

"அது மூஞ்சிக்குத் தெரியலியே."

அவன் மூன்று முறை மருந்து கேட்டுப் போனான். மருந்து வழங்கி இயந்திரம் அவன் காதைப் பார்த்துவிட்டு மூன்று முறையும் ஒரே சீட்டைத் துப்பியது: 'உங்கள் அகவெண் 68. நீங்கள் நலம். வாழ்த்துகள்.'

தவறு நாலாம் நாள் நடந்தது. கேபின் மோட்டார்களின் காந்தப்புலத்தில் உளமானி குழம்பிவிடும் என்பதால், ஏறும் முன் அதைக் கழற்றி ஏணியடியில் உள்ள கொக்கிப் பலகையில் மாட்டிவிட்டுப் போவார்கள். இறங்கியதும் எடுத்து ஒட்டிக்கொள்வார்கள். அன்று துரையும் சீக்கிரம் வந்து தன்னுடையதைக் கழற்றி மாட்டிவிட்டான். மழை வேறு கொட்டியது. ஜோவிட்டா இறங்கி வந்து, கைக்கு அகப்பட்டதை ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள். அது துரையுடையது. ஷிப்டு முடிந்ததும் அவன் மிச்சம் இருந்ததை ஒட்டிக்கொண்டான்.

கருவிக்கு ஆளைத் தெரியாது. தோல் சூடாக இருந்தால் அதற்குப் போதும். தன் முதுகில் பொறித்த பெயரில் எண்ணை அனுப்பிக்கொண்டே இருக்கும். மறுநாள் பதிவேட்டில் ஜோவிட்டா அறுபத்தெட்டு, துரை இருபத்திரண்டு. ஒரே ராத்திரியில் நாற்பத்தாறு இறங்கியவனையும் நாற்பத்தாறு ஏறியவளையும் துறைமுக மருத்துவர் ஷமீமா கூப்பிட்டு அனுப்பினார்.

ஷமீமா காயல்பட்டினத்துக்காரர். வேலையில் சேர்ந்து பதினெட்டு வருஷம் ஆகிறது. இரண்டு கருவிகளையும் கழற்றச் சொல்லித் திருப்பிப் பார்த்தார்.

"யாரு காதுல யாரு பேரு?"

இருவருக்கும் அப்போதுதான் புரிந்தது. ஜோவிட்டா பதறினாள். "வேணும்னு செய்யல டாக்டரம்மா. ஆனா என்னய எறக்கிராதீங்க. எனக்கு ஒரு கொறையும் இல்ல. நேத்து வச்ச கொழம்பக் கூட..."

"கொழம்பு கெடக்கட்டும். துரை, நீ எப்படி இருக்க?"

துரை கூரையைப் பார்த்தான். அந்தக் கேள்வி அவனுக்குப் பழக்கமில்லை. "நல்லாத்தான் இருக்கேன்."

ஷமீமா காத்திருந்தார். மின்விசிறி சுற்றியது. வெளியே ஒரு லாரியைப் பின்னால் எடுத்து நிறுத்திவிட்டு, ஓட்டுநர் இறங்கியும் போய்விட்டார்.

"காலைல செருப்பப் பாப்பேன்" என்றான் துரை. "அத மாட்டணுமேன்னு இருக்கும். அரமணி நேரம் பாத்துக்கிட்டே இருப்பேன். ரெண்டு வருசமா இப்படித்தான்."

ஜோவிட்டா அவனைத் திரும்பிப் பார்த்தாள். தினமும் நாலு நிமிடம் கண்ட முகம். செருப்பு விஷயம் அவளுக்குத் தெரியாது.

"அப்ப இந்த மிசின் பொய்யா டாக்டரம்மா?" என்றாள்.

"பொய்யில்ல. சரியாத்தான் அளக்கு. செரோட்டோனின அளக்கு, மனச அளக்கல. தலவலி மாத்திர தின்னா தலவலி போவுது. அதுக்காக, ஒடம்புல தலவலி மாத்திர கொறஞ்சதாலதான் தலவலி வந்துச்சும்பியா?"

"அப்ப இவனுக்கு மாத்திர வேணாமா?"

"யாரு சொன்னா? கேக்கும், நெறயப் பேருக்குக் கேக்கும். மாத்திரய முழுங்குன அன்னைக்கே நம்பரு ஏறிரும். மனசு தெளிய அஞ்சாறு வாரம் ஆவும். நடுவுல என்ன நடக்குன்னு இன்னும் யாருக்கும் முழுசாத் தெரியாது. தெரியாததுக்கு மிசின் செய்ய முடியாதுல்லா? தெரிஞ்சதுக்குச் செஞ்சுட்டானுவ."

ஜோவிட்டா தன் கருவியை எடுத்துக்கொள்ளக் கை நீட்டினாள். ஷமீமா தட்டிவிட்டார்.

"மாத்தாதீங்க. இப்பத்தான் சரியா இருக்கு."

துரைக்கு அன்றே மருந்து கிடைத்தது. கீழே பெட்டிகளின் பூட்டுச் சரிபார்க்கும் வேலை கொடுத்தார்கள். ஜோவிட்டா மேலே போனாள். ஏழாவது வாரம் ஒரு மத்தியானம், துரை அவள் டப்பாவிலிருந்து ஒரு துண்டு மீனை எடுத்து வாயில் போட்டு, "உப்பு கூடிட்டுக்கா" என்றான். அவன் ருசி பார்த்துக் குறை சொல்லி இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

"திங்கறதும் தின்னுட்டுக் கொற வேற சொல்லுதியா, நாயே?" என்றாள் ஜோவிட்டா. மீதி மீனையும் அவன் பக்கம் தள்ளினாள்.

இதற்குள் ஷமீமாவின் மேஜை இழுப்பறையில் ஒரு பிஸ்கட் டின் வந்திருந்தது. வெள்ளிக்கிழமை கருவிகளைத் துடைக்கும் நாள். நாலாம் தளத்தின் முந்நூற்று நாற்பது பேரும் வரிசையில் வந்து கருவியைக் கழற்றி டின்னில் போடுவார்கள். ஷமீமா ஒவ்வொருவரையும் கேட்பார், காத்திருப்பார், பிறகு பொருத்தமான ஒரு கருவியை எடுத்து ஒட்டி அனுப்புவார். மருந்து வேண்டியவனின் பெயர், எண் குறைந்த யாராவது ஒருவரின் காதுக்குப் போகும். ஏற வேண்டியவளின் பெயர் எண் கூடிய காதுக்கு. கருவி என்ன சொன்னாலும் மாத்திரையின் அளவை ஆளைப் பார்த்து அவரேதான் எழுதினார். துறைமுகத்தில் ரகசியம் நிற்காது. இது நின்றது. எல்லோருக்கும் இதில் பங்கு இருந்தது.

ஏழு மாதம் இப்படி நன்றாகப் போனது. பிறகு சென்னையிலிருந்து உளமானி செய்யும் நிறுவனத்தின் ஆய்வுக் குழு ஒரு பூங்கொத்தோடு வந்து இறங்கியது.

குழுத் தலைவர் முனைவர் நிரஞ்சன் மேடையில் கண் கலங்கினார். நாடு முழுக்க அகவெண்ணுக்கும் ஆளுக்கும் பொருத்தமே இல்லை என்று பத்திரிகைகள் கிண்டல் செய்துகொண்டிருந்தன. எண் கூடியவர்கள் தூக்கு மாட்டிக்கொண்டார்கள், எண் குறைந்தவர்கள் கச்சேரிக்குப் போனார்கள். ஆனால் தூத்துக்குடி நாலாம் தளத்தில் மட்டும் நூற்றுக்கு நூறு. எண் குறைந்தவர்கள் எல்லோரும் உண்மையிலேயே சோர்ந்திருந்தார்கள், மருந்து கொடுத்ததும் தெளிந்தார்கள். எண் கூடியவர்கள் ஒரு விபத்துகூடச் செய்யவில்லை. "இந்தக் கருவி சரியானது என்று உலகத்துக்கு நிரூபித்தவர்கள் நீங்கள்" என்றார் நிரஞ்சன். அந்த மரியாதைக்காக, கழற்றவே முடியாத புதிய பதியுளமானி, நாட்டிலேயே முதலில் இங்கேதான் பொருத்தப்படும் என்றார். தோலுக்கு அடியில் போய்விடும். காந்தப்புலமும் அதை ஒன்றும் செய்யாது.

எல்லோரும் கை தட்டினார்கள். வேறு என்ன செய்வது? உண்மையைச் சொன்னால் ஷமீமாவின் மருத்துவப் பதிவும் முந்நூற்று நாற்பது பேரின் வேலையும் சேர்ந்து போகும்.

பதித்த அன்றே குட்டு வெளிப்பட்டிருக்க வேண்டும். ஜோவிட்டாவின் பழைய பதிவில் அறுபத்தேழு, பதித்த கருவியில் இருபத்திரண்டு. துரையின் பதிவில் இருபத்து நாலு, பதித்ததில் எண்பத்தொன்று. ஒருவருக்கும் ஒத்துப்போகவில்லை. ஆனால் நிரஞ்சன் அந்தப் பழைய பதிவை வைத்து ஏற்கெனவே கட்டுரை எழுதிவிட்டார். பதிவு தவறாக இருக்க முடியாது. எனவே புதிய கருவிக்குத்தான் அளவு திருத்தம் வேண்டும் என்று முடிவு செய்தார். பழைய எண்ணைப் பார்த்து ஒவ்வொரு கருவியையும் திருத்தி, முத்திரை வைத்துவிட உத்தரவிட்டார்.

அதோடு விட்டிருந்தால் ஜோவிட்டாவுக்குக் கேபினும் துரைக்கு மருந்தும் நிலைத்திருக்கும். ஷமீமாதான் கூட்டத்தில் எழுந்தார். பதினெட்டு வருஷம் சொல்ல நினைத்ததைச் சொல்ல ஒரு வாய்ப்புக் கிடைத்த வேகத்தில் சொல்லிவிட்டார்.

"பழைய நம்பரப் பாக்காதீங்க சார். ஆளக் கேளுங்க. எப்படி இருக்கீங்கன்னு கேட்டு, அதுக்கேத்தாப்புல வைங்க."

நிரஞ்சனுக்கு அது பிடித்துப்போயிற்று. கையேட்டில் சேர்க்கச் சொன்னார்.

திங்கட்கிழமை காலை வரிசை நின்றது. மேஜையில் திருத்துநர் ஒருவர், பக்கத்தில் நிரஞ்சன், சற்றுத் தள்ளி ஷமீமா, புகைப்படக்காரர் ஒருவர். திருத்துநர் வேகமாகக் கேட்டார். பதில் வந்த கையோடு எண்ணை அமைத்து முத்திரை வைத்தார். காத்திருக்க அவருக்கு நேரமில்லை. எல்லோரும் "நல்லா இருக்கேன் சார்" என்றார்கள். எழுபது, எழுபது, எழுபத்திரண்டு.

ஜோவிட்டாவுக்கு முன்னால் துரை நின்றான். தாடி எடுத்து முகம் சின்னதாக இருந்தது.

"எப்படி இருக்கீங்க?"

"நல்லா இருக்கேன் சார்" என்றான் துரை. அது பொய்யில்லை. இப்படிக் கேட்டதற்கு, வெகு நாளைக்குப் பிறகு மனதாரச் சொன்னான். "ரொம்ப நல்லா இருக்கேன்."

"எழுபத்தொன்று." முத்திரை விழுந்தது. மேஜைமேல் இருந்த இயந்திரம் ஒரு சீட்டைத் துப்பியது: 'நீங்கள் நலம். மருந்து நிறுத்தப்படுகிறது. கிரேன் ஏறும் தடை நீக்கப்படுகிறது. வாழ்த்துகள்.'

ஷமீமா பாய்ந்து வந்தார். "சார், மருந்தாலதான் அவன் நல்லா இருக்கான். இன்னும் அஞ்சு மாசமாவது குடுக்கணும். இப்படிப் பட்டுன்னு நிறுத்தினா தலைகீழாயிரும்."

"எழுபத்தொன்றுக்கு மருந்து வழங்க வழியில்லைம்மா" என்றார் திருத்துநர். "முத்திரை வச்சாச்சு. ஒருத்தருக்கு ஒருமுறைதான். நீங்க சொன்ன முறைதானே?"

துரை சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். முகத்தில் இருந்த சிரிப்பை என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியவில்லை.

"வேற எங்கயும் கெடைக்காதா டாக்டரம்மா?" என்றாள் ஜோவிட்டா.

"முப்பதுக்குக் கீழ உள்ளவங்களுக்கு மட்டுந்தான்."

"அடுத்தது" என்றார் திருத்துநர்.

ஜோவிட்டா உட்கார்ந்தாள். சன்னல் வழியாகக் கிரேன் தெரிந்தது. கேபின் கண்ணாடியில் வெயில் விழுந்திருந்தது. புதிதாக ஒரு கப்பல் காத்திருந்தது.

"எப்படி இருக்கீங்க?"

அவள் ஷமீமாவைப் பார்த்தாள். ஷமீமாவுக்குப் புரிந்துவிட்டது. வேண்டாம் என்று தலையை ஆட்டவும் இல்லை, சரி என்று ஆட்டவும் இல்லை.

"நல்லா இல்ல சார்" என்றாள் ஜோவிட்டா. "காலைல செருப்ப மாட்டவே முடியல."

துரை சட்டென்று திரும்பினான். "அக்கா..."

"சும்மா இருல. ஒன்னயக் கேட்டப்ப நான் வாயத் தொறந்தேனா?"

திருத்துநர் கருவியில் எண்ணைப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். "சார், இருபத்திரண்டு! கருவியும் இருபத்திரண்டுதான் காட்டுது. இவங்களுக்குத் திருத்தமே வேண்டாம்!"

நிரஞ்சன் ஓடிவந்தார். காலையிலிருந்து நூற்றுப் பத்துப் பேர் முடிந்திருந்தார்கள். தன் கருவி ஒரு மனிதரோடு ஒத்துப்போனதை அவர் நேரில் பார்ப்பது இதுதான் முதல் முறை. ஜோவிட்டாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். இயந்திரம் அவள் பெயரில் ஒரு வருஷத்துக்கான மருந்துச் சீட்டைத் துப்பியது. அவள் அதை மடித்து, பின்னால் நின்ற துரையின் சட்டைப் பையில் வைத்தாள். அதை யாரும் பார்க்கவில்லை. எல்லோரும் எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இனி நீதான் மேல போவணும்" என்றாள் அவனிடம் மெதுவாக. "கப்பல் நிக்குது. ஏணியப் பாத்துக்கிட்டே நிக்காம ஏறு."

"நீங்க?"

"எனக்கென்ன? பூட்டு எண்ணுவேன். மத்தியானம் சாப்ட எறங்கி வா. உப்பு கூடிட்டுன்னு சொல்லு, ஒத வாங்கு."

பதியுளமானி நாடு முழுக்க வந்துவிட்டது. அறிக்கையின் முதல் பக்கத்தில் ஜோவிட்டாவின் படம் இருக்கிறது. துரையைப் பார்த்து "ஒத வாங்கு" என்ற நொடியில் எடுத்தது. பல் முழுக்கத் தெரியச் சிரிக்கிறாள். படத்துக்குக் கீழே இப்படி அச்சிட்டிருக்கிறார்கள்: 'அகவெண் 22. சிகிச்சைக்கு முன்.'